சல்லடையும் கண்ணும்: புற்றுநோயின் புரத அடையாளங்களைத் தேடிய கதை

முத்துக்குளித்துறை என்றதும் மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கும் குளியாளிகளே நம் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் கரை சேர்த்த சிப்பிகள் பிறகு என்ன ஆயின என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் அறிவுக்கு வேலை கொடுத்த பகுதி அதுதான்.

குளிப்பு நடத்தலாமா, வேண்டாமா என்பதை முடிவு செய்யவே ஒரு கணக்குத் தேவைப்பட்டது. கடலடியிலுள்ள முத்துப் பார்களிலிருந்து முன்கூட்டியே சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர்களிடம் காட்டி, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்பிடுவார்கள். கணக்குக் கட்டுபடியானால்தான் குளிப்புக்கு நாள் குறிக்கப்படும்.

முத்துகளைத் தரம் பிரிப்பதற்கு இரண்டு படிகள் இருந்தன. முதற்படி சல்லடை. பத்துப் பித்தளைச் சல்லடைகள் சேர்ந்தது ஒரு தொகுதி. முதல் சல்லடையில் 20 துளைகள் இருக்கும். அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று பெருகிக் கடைசிச் சல்லடையில் 1000 துளைகள் இருக்கும். துளைகள் பெருகப் பெருக அவற்றின் அளவு சிறுத்துக்கொண்டே போகும். யார் சலித்தாலும் முடிவு ஒன்றுதான். ஆனால், சல்லடைக்கு அளவு ஒன்றுதான் தெரியும். முத்து உருண்டையா கோணலா, ஒளி உண்டா மங்கலா என்பதை அது அறியாது. அதற்கு வணிகரின் கண் வேண்டும். உருண்டு திரண்டு ஒளிவீசும் முத்தை ‘ஆணி’ என்று தனியே எடுத்து வைத்தது அந்தக் கண்தான்.

‘இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?’ என்று நீங்கள் கேட்கலாம். மாதிரி எடுத்தல், அளத்தல், கண்ணால் தீர்ப்புச் சொல்லுதல் ஆகிய இதே மூன்று வேலைகள்தாம், நோயுற்ற திசுவின் படத்தைக் கணிப்பொறியால் ஆராய்ந்து புற்றுநோயின் அடையாளப் புரதங்களைத் தேடும் துறையிலும் நடைபெறுகின்றன. அதுமட்டுமன்று. நுண்ணோக்கியில் கண்டதைக் கொண்டு அவசரமாக முடிவுகட்டினால் என்ன ஆகும் என்ற பாடமும் இதே மன்னார் வளைகுடாவில் ஒரு முறை கற்பிக்கப்பட்டது. அங்கிருந்தே தொடங்குவோம்.

நாடாப்புழு கற்பித்த பாடம்

1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தார். முத்துச்சிப்பிகளை ஆராய்வது அவருக்கு இடப்பட்ட பணி. அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இவரே பின்னாளில் சென்னை மாகாண அரசின் பணியில் சேர்ந்து, தூத்துக்குடியின் முத்து, சங்குத் துறைகளைக் கவனித்தவர். இருவரும் சிப்பியின் சதையை மெல்லிய சீவல்களாக வெட்டியும், முத்தின் சுண்ணாம்பை அமிலத்தில் கரைத்தும் நுண்ணோக்கியில் பார்த்தனர். சிப்பிகளுக்குள் நாடாப்புழுவின் இளரிகள் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. அந்த இளரி இறந்து போக, அதைச் சுற்றி முத்து உருவாகிறது என்று அவர்கள் கருதினர். 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டன் ராயல் கழகம் வெளியிட்ட அறிக்கையில் இக்கருத்து இடம்பெற்றது.

1912ஆம் ஆண்டில் லிஸ்டர் ஜேம்சன் என்ற மற்றோர் ஆய்வாளர் அந்தச் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து இதனை மறுத்தார். முத்தைச் சுற்றி இருப்பது எபிதீலியம் எனப்படும் மேற்படல உயிரணுக்களாலான பை. புழு இளரியைச் சுற்றி இருப்பதோ வெறும் இணைப்புத்திசு உறை. இரண்டும் ஒரே சிப்பியில் இருக்கலாம். அதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

அப்படியானால் முத்தை ஆக்குவது எது? அந்த மேற்படல உயிரணுக்களே. ஜப்பானியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனைச் செயலில் காட்டினர். நம் நாட்டில் 1973 ஜூலையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவில் கே. அழகர்சாமி தலைமையில் முத்து வளர்த்துக் காட்டப்பட்டது. ஒரு சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் ‘மேன்டில்’ என்ற மென்படலத்திலிருந்து சிறு துண்டை வெட்டி, ஓட்டினால் செய்த ஒரு மணியுடன் சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைத்தார்கள். அத்துண்டின் உயிரணுக்கள் மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப் பூச்சைச் சுரந்தன. இங்கே புழுவுக்கு வேலையே இல்லை.

வாசகர்களே, இந்தக் கதையில் மூன்று படிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றைக் கண்ணால் காண்பது முதற்படி. அது எப்போதும் உடன் வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பது இரண்டாம் படி. இதில் தேறினால்தான் அது ‘அடையாளம்’. அதை மாற்றினால் விளைவும் மாறுகிறதா என்று சோதிப்பது மூன்றாம் படி. இதில் தேறினால்தான் அது ‘காரணம்’. புற்றுநோயின் புரதங்களைத் தேடியவர்களும் இதே மூன்று படிகளில்தான் ஏற வேண்டியிருந்தது. அவர்களும் வழுக்கி விழுந்ததுண்டு.

சாயம் காட்டியதும் காட்டாததும்

உடலில் கட்டி ஒன்று தோன்றினால் மருத்துவர் அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நோயியல் துறைக்கு அனுப்புகிறார். அங்கே அது ஃபார்மலினில் ஊறவைக்கப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கு கனமுள்ள சீவல்களாக வெட்டப்படுகிறது. சாயமேற்றாத சீவலில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படும் ஹிமட்டாக்சிலின் என்ற சாயம் உயிரணுவின் உட்கருவை நீலமாக்குகிறது; இயோசின் என்ற சாயம் மற்றப் பகுதிகளை இளஞ்சிவப்பாக்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த இந்த இரு சாயங்களே இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் முதலில் கையாளப்படுகின்றன. உட்கரு பெருத்திருக்கிறதா, உயிரணுக்கள் வரிசை குலைந்து கிடக்கின்றனவா என்று பார்த்து வல்லுநர் ‘புற்று’ என்றோ ‘அன்று’ என்றோ சொல்கிறார்.

ஆனால், வடிவத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கட்டிகள் நடத்தையில் வேறுபடுவதுண்டு. ஒன்று பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும்; மற்றொன்று சில மாதங்களில் உடலெங்கும் பரவும். ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேளாது. உயிரணு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்பவை அதனுள் இருக்கும் புரதங்களே. அவற்றைச் சாதாரணச் சாயம் பிரித்துக் காட்டாது.

இதற்கு வழி பிறந்தது 1941இல். அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் வேதிப்பொருள் ஒன்றை இணைத்தனர். கிருமிகளை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இலக்கை மட்டுமே தேடிப் பற்றும். அதன் முதுகில் விளக்கை ஏற்றிவிட்டால் அது எங்கே பற்றுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பின்னர் ஒளிரும் பொருளுக்குப் பதிலாக நொதியை இணைத்துப் பழுப்பு நிறம் உண்டாக்கும் முறை வந்தது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டும் அளவு ஆக்கும் வழியைக் கண்டனர். அதன்பின் புரத அடையாளங்களின் பட்டியல் நீளலாயிற்று.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு புதிய எதிர்ப்பொருள் கிடைத்தது. அது பிளவுபட்டுப் பெருகும் உயிரணுக்களின் உட்கருவை மட்டுமே பற்றியது. நகரின் பெயரையும், அது கிடைத்த குழியின் எண்ணையும் சேர்த்து அதற்கு ‘கி-67’ என்று பெயரிட்டனர். நூறு உட்கருக்களில் எத்தனை பழுப்பாகின்றன என்று எண்ணினால் கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது தெரியும். மற்றொன்று ‘ஹெர்-2’ என்ற புரதம். இது உயிரணுவின் சவ்வில் இருந்துகொண்டு ‘வளர்’ என்ற கட்டளையை உள்ளே அனுப்புவது. மார்பகப் புற்று உள்ளவர்களில் 100க்கு 15 முதல் 20 பேருக்கு இது மிகுதியாக இருக்கிறது. இவ்வகை நோய் வேகமானது என்று டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் 1987இல் காட்டினர். இப்புரதத்தையே தாக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கி-67 வெறும் அடையாளம். ஹெர்-2 அடையாளமும் காரணமும் ஆகும். அதைத் தடுத்தபோது நோயின் போக்கு மாறியதே அதற்குச் சான்று.

கண்ணுக்குக் கண் வேறுபாடு

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. பழுப்பு நிறம் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதை 0, 1, 2, 3 என்று வல்லுநர் மதிப்பெண்ணிட வேண்டும். ஹெர்-2 மதிப்பெண் 3 என்றால் மருந்து உண்டு. 2 என்றால் மரபணுச் சோதனை செய்து பார்க்க வேண்டும். 0, 1 என்றால் அந்த மருந்து இல்லை. அடர்பழுப்பையும் வெளிர்நிறத்தையும் பிரிப்பது எளிது. இடைநிலையில் உள்ளவற்றில் இருவர் இருவிதமாகச் சொல்வார்கள். காலையில் 2 என்ற ஒருவரே மாலையில் 1 என்பதும் உண்டு.

இது ஏட்டளவான சிக்கல் அன்று. 2022இல் ஹெர்-2 குறைவாக உள்ள மார்பகப் புற்றுக்கும் ஒரு புதிய மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதுவரை ஒரு பொருட்டாக இல்லாத 0க்கும் 1க்கும் இடையிலான கோடு, அன்று முதல் ஒரு பெண்ணுக்கு மருந்து கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கும் கோடாயிற்று. அந்தக் கோட்டில் வல்லுநர்களிடையே ஒற்றுமை மிகக் குறைவு என்று அதே ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. யார் சலித்தாலும் ஒரே முடிவைத் தரும் சல்லடை இங்கே எவ்வளவு தேவை, பாருங்கள்!

கணிப்பொறிச் சல்லடை

சல்லடை செய்யும் முயற்சி பழையதுதான். 1950களில் அமெரிக்காவில் ‘சைட்டோஅனலைசர்’ என்ற பொறி உருவாக்கப்பட்டது. கருப்பை வாயிலிருந்து எடுத்த உயிரணுக்களில், உட்கருவின் அளவையும் அடர்த்தியையும் கொண்டு புற்று உயிரணுக்களைப் பிரிப்பது அதன் நோக்கம். தூசியையும், ஒன்றன்மேல் ஒன்று படிந்த நல்ல உயிரணுக்களையும் அது புற்று என்றே காட்டியதால் முயற்சி தோற்றது. 1966இல் ஜூடித் பிரூவிட்டும் மார்ட்டிமர் மெண்டல்சனும் இரத்த வெள்ளணுக்களின் உருவத்தை எண்களாக மாற்றி, கணிப்பொறி அவற்றை வகைப்படுத்தக்கூடும் என்று காட்டினர். வழி தெரிந்தது, வேகமான பொறிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று இது எப்படி நடக்கிறது? முதலில் கண்ணாடிச் சில்லு முழுவதும் படமெடுக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு 4000 படப்புள்ளிகள் என்ற நுட்பத்தில் எடுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் திசுவுக்கு 160 கோடிப் புள்ளிகள் ஆகும். அடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் நீலச் சாயம் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இதற்கான எளிய கணக்கு முறையை ரைஃப்ராக், ஜான்ஸ்டன் இருவரும் 2001இல் வெளியிட்டனர். பின்னர் கணிப்பொறி நீலத்தைக் கொண்டு உட்கருக்களின் எல்லைகளை வரைந்து, ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள பழுப்பின் அடர்த்தியை அளக்கிறது.

கிடைத்த அளவுகளை ஓர் எண்ணாக்குவதற்கு ஒரு வழி இது: மங்கலாக நிறமேறிய உயிரணுக்களின் விழுக்காட்டை ஒன்றாலும், நடுத்தரமானவற்றை இரண்டாலும், அடர்ந்தவற்றை மூன்றாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். நூறு உயிரணுக்களில் 20 மங்கல், 20 நடுத்தரம், 10 அடர்வு, மற்றவை நிறமற்றவை என்றால், 20 + 40 + 30 = 90. இந்த எண் 0 முதல் 300 வரை இருக்கலாம். வல்லுநர் நூறு உயிரணுக்களை எண்ணும் நேரத்தில் கணிப்பொறி பல்லாயிரம் உயிரணுக்களை எண்ணிவிடும். அதற்குச் சோர்வும் இல்லை.

ஆயிரம் மாதிரிகள், ஒரே சில்லு

எண்ணுவதற்குப் பொறி இருந்தால் மட்டும் போதாது. எண்ணுவதற்குப் பல மாதிரிகளும் வேண்டும். முத்துப் பாரின் மதிப்பை ஒரே சிப்பியைக் கொண்டு சொல்ல முடியாதன்றோ? 1998இல் யூஹா கொனோனென் முதலியோர் அமெரிக்காவில் இதற்கு ஓர் அழகான வழி கண்டனர். பல நோயாளிகளின் மெழுகுக் கட்டிகளிலிருந்து 0.6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மெல்லிய உருளைகளைக் குடைந்தெடுத்து, ஒரே மெழுகுக் கட்டியில் வரிசையாக நட்டனர். அதைச் சீவினால் ஒரே சில்லில் ஆயிரம் மாதிரிகள் வரை வட்டப் பொட்டுகளாக அமையும். எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே சாயத்தில் நனைவதால் ஒப்பிடுவது எளிதாயிற்று.

இம்முறையைப் பேரளவில் கையாண்டது ஸ்வீடன் நாட்டில் மத்தியாஸ் ஊலென் தலைமையில் 2003இல் தொடங்கிய ‘மனிதப் புரத வரைபடம்’ என்ற திட்டம். மனித உடலின் ஒவ்வொரு புரதத்துக்கும் எதிர்ப்பொருள் தேடி, 40க்கு மேற்பட்ட இயல்பான திசு வகைகளிலும் 20 புற்றுநோய் வகைகளிலும் அது எங்கே பற்றுகிறது என்று பார்ப்பது அதன் குறிக்கோள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அவை எவரும் காணத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. உப்சாலா நகரில் சாயமேற்றிப் படமாக்கப்பட்ட அந்தச் சில்லுகளைப் பார்த்து மதிப்பெண்ணிட்டவர்களில் பெரும்பங்கு யாருடையது தெரியுமா? நம் மும்பையில் சஞ்சய் நவானி தலைமையில் பணியாற்றிய இந்திய நோயியல் வல்லுநர்களுடையது!

இத்திட்டத்தில், ஆய்வகத்தில் வளர்த்த, ஒரே சீரான உயிரணுக்களைக் கணிப்பொறி தானே எண்ணியது. பல வகை உயிரணுக்கள் பின்னிக் கிடக்கும் திசுக்களையோ மும்பை வல்லுநர்களின் கண்கள் தீர்மானித்தன. பழுப்பு நிறம் புற்று உயிரணுவில் இருக்கிறதா, அருகிலுள்ள இரத்தக் குழாயில் இருக்கிறதா, வெறும் கறையா என்று சொல்வதற்குப் பயின்ற கண் வேண்டியிருந்தது. சல்லடைக்கு ஒரு வேலை, கண்ணுக்கு ஒரு வேலை.

புழு மீண்டும் வருகிறது

அண்மை ஆண்டுகளில் கணிப்பொறிக்கு ‘இதைப் பார், அதை அள’ என்று சொல்லாமலே, படங்களைக் கொட்டி அதுவாகக் கற்றுக்கொள்ளச் செய்யும் முறை பரவியுள்ளது. அதன் முடிவுகள் பல நேரங்களில் வியப்பூட்டுகின்றன. ஆயினும் ஹெர்ட்மனின் நாடாப்புழு இங்கேயும் தலைகாட்டியது. அமெரிக்காவின் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய படத்தொகுப்பு ஒன்றை ஆராய்ந்த சிகாகோ குழுவினர் 2021இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒவ்வொரு மருத்துவமனையின் சாயமேற்றும் வழக்கமும் படத்தில் ஒரு தனி முத்திரையைப் பதிக்கிறது; கணிப்பொறி அந்த முத்திரையைக் கற்றுக்கொண்டு, நோயையே கற்றதுபோல் விடை சொல்லிவிடுகிறது! நோய் முற்றியவர்கள் ஒரு மருத்துவமனைக்கு மிகுதியாக வந்தால், அந்த மருத்துவமனையின் சாயமே ‘கொடிய நோயின் அடையாளம்’ என்று அதற்குத் தோன்றும். உடன் இருந்தது உண்மை, தொடர்பு பொய்.

இதற்குக் காப்பு என்ன? ஒரு தொகுதியில் கண்ட அடையாளத்தை, வேறோர் ஊரின் வேறொரு தொகுதியில் சோதிக்க வேண்டும். மதிப்பெண்ணிடுபவருக்கு நோயாளியின் முடிவு தெரிந்திருக்கக் கூடாது. சில்லு எப்படிப் பதப்படுத்தப்பட்டது, எந்த எதிர்ப்பொருள், எத்தனை பேர் என்பவற்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். கட்டி அடையாளங்களைப் பற்றிய ஆய்வுகளை எழுதுவதற்கு 2005இல் பன்னாட்டு விதிமுறைகளே வகுக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரி தந்த நோயாளி பிறகு எப்படி இருந்தார் என்ற செய்தி வேண்டும். அது இல்லாத சில்லு, விலை தெரியாத முத்து. சென்னையில் 1982 முதல் புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துவரும் பதிவேடு போன்றவற்றின் அருமை இங்கேதான் விளங்குகிறது. பெயரும் எண்ணுமாகப் பொறுமையுடன் எழுதப்படும் அந்த ஏடுகள் இல்லாவிட்டால், எத்துணை வேகமான கணிப்பொறியும் வெறும் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

இத்துறையில் மாணவர்களும் கால் வைக்கலாம். 2017இல் வெளிவந்த ‘கியூபாத்’ என்ற கணிப்பொறி நிரல், அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் உருவானது, விலையின்றிக் கிடைப்பது. திசுப் படத்தில் உயிரணுக்களைப் பிரித்து எண்ண இதனைக் கையாளலாம்.

கணிப்பொறி இல்லாவிட்டாலும் ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் இருநூறு மொச்சைகளைப் பரப்புங்கள். வெளிர்நிறம், நடுத்தரம், கருநிறம் என்று மூன்றாகப் பிரித்து எண்ணி, மேலே சொன்ன கணக்கின்படி ஓர் எண்ணைக் கண்டுபிடியுங்கள். உங்கள் நண்பர் இருவரைத் தனித்தனியே அதே போல எண்ணச் சொல்லுங்கள். மூவர் விடையும் வேறுபடும். பிறகு, ‘நடுத்தரம்’ என்பதற்கு ஒரு மாதிரி மொச்சையை மூவரும் கலந்து தேர்ந்தெடுத்து நடுவில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ணுங்கள். விடைகள் நெருங்கி வருவதைக் காண்பீர்கள். அந்த மாதிரி மொச்சையைத் தேர்ந்தெடுத்தது கண்; அதை வைத்து எண்ணியதுதான் சல்லடை. எந்தப் பொறியும் இந்த வரிசையை மாற்றிவிடவில்லை.